நாலு கைத் திருடன்

அத்தியாயம் 6

“அவன் சிரிச்சுக்கிட்டே இருந்தான்” என்றார் ஜெயமேரி டீச்சர். “அதைத்தான் என்னால மறக்க முடியல. ஒரு கையில கத்தி. இன்னொரு கை என் சங்கிலியப் பிடிச்சு இழுக்குது. மூஞ்சியில மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.”

நியாஸ் வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமல் வைத்திருந்தான். கடித்தால் சத்தம் வரும், டீச்சர் திரும்பிப் பார்ப்பார், இவன் மூக்கைப் பார்ப்பார். அந்த மூக்கு குடும்பச் சொத்து. அதே மூக்கோடு இவன் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகன் அக்மல் இப்போது போலீஸ் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் வரை அக்மல் ஒரு பிரியாணிக் கடை வாசலில் நின்று, போகிறவர்களையெல்லாம் “வாங்க சார், உள்ள சீட் இருக்கு” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த வழியாக வந்த ஜெயமேரி டீச்சர் அவனைப் பார்த்ததும் “இவன்தான்” என்று அலறிவிட்டார். போன புதன்கிழமை அவர் சங்கிலியை அறுத்தவன் இவன்தான் என்று பைபிள்மேல் கை வைத்துச் சொல்லவும் தயாராக இருந்தார். இன்று மதியம் அக்மலைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அடுத்த மாதம் மலேசியாவில் ஓட்டல் வேலைக்குக் கிளம்ப வேண்டியவன். வழக்கு என்று ஒன்று பதிவானால் மலேசியா அவனுக்கு மேப்பில் மட்டும்தான்.

நியாஸின் முதலாளியம்மா ஏஞ்சலின், டீச்சர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் தொழிலாளர்களுக்கு மனநல ஆலோசகராக இருந்தவள். தொழிலாளர்களின் மன அழுத்தத்துக்கு என்ன காரணம் என்று நிர்வாகம் கேட்டது. “நீங்கதான்” என்று எழுதிக் கொடுத்தாள். மறுவாரம் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். டீச்சர் போகிற மாதா கோயிலுக்கே அவளும் போவதால், காலைப் பூசை முடிந்த கையோடு வீட்டுக்குள் வர முடிந்தது. நியாஸை யாரென்று இன்னும் சொல்லவில்லை.

“அவன் என்ன டிரெஸ் போட்டிருந்தான் டீச்சர்?”

“கோட்டு. நீலக் கலர். கண்ணுல கூலிங் கிளாஸ்.”

“ராத்திரி ஏழு மணிக்கு?”

“எனக்கும் விசித்திரமாத்தான் இருக்கு. ஆனா பாத்தேன்.”

“கோட்டு போட்ட திருடன்” என்றான் நியாஸ், முறுக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு. “முன்னாடியே சொல்லியிருந்தா நம்மளும் இஸ்திரி போட்டு வந்திருக்கலாம்.”

ஏஞ்சலின் அவன் காலை மிதித்தாள். “வேற ஏதாவது ஞாபகம் இருக்கா டீச்சர்? அபத்தமா இருந்தாலும் சொல்லுங்க.”

டீச்சர் சேலை முந்தானையை விரலில் சுற்றினார். “இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னேன். அதை எழுத வேணாம்னுட்டாரு. அவன் கும்பிட்டுக்கிட்டு இருந்தான்.”

“கும்பிட்டுக்கிட்டா?”

“ரெண்டு கையையும் சேத்து. வணக்கம் வைக்கிற மாதிரி.”

ஏஞ்சலின் மெதுவாக விரல் விட்டு எண்ணினாள். “கத்திக்கு ஒரு கை. சங்கிலிக்கு ஒரு கை. கும்பிட ரெண்டு கை.”

“அவனுக்கு ரெண்டு கைதான் டீச்சர்” என்று நியாஸ் உளறினான். “வீட்டு வேலைன்னா அதுவும் ஒண்ணாக் குறைஞ்சிரும்.”

“உங்களுக்கு அவனைத் தெரியுமா?”

“பிரியாணிக் கடையில பாத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு, நியாஸ் மூக்கைத் துடைப்பதுபோல் கையால் மூடிக்கொண்டான்.

ஏஞ்சலின் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து நீட்டினாள். “அந்தக் கத்திய வரைய முடியுமா?”

இதுவரை யாரும் டீச்சரிடம் கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. முகம் கிடைத்துவிட்ட பிறகு கத்தி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். டீச்சர் பென்சிலை வாங்கினார். ஒரு சாண் கத்தி. நுனி கிளி மூக்குபோல் உள்ளே வளைந்திருந்தது. கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் (பக்கத்தில் ‘பச்சை’ என்று எழுதினார்), அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய ஒரு கறுப்புப் பட்டை. கூர்வாயின் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு உடைசல். ஒரு தடவைகூட அழிக்காமல் வரைந்து முடித்தார்.

“சட்டை பட்டனெல்லாம் எப்படி இருந்துச்சு?”

“தெரியல.”

“பக்கத்துல வண்டி ஏதாவது நின்னுச்சா?”

“தெரியலையேம்மா.”

“போதும்” என்று ஏஞ்சலின் எழுந்தாள். “ரொம்ப உதவி பண்ணிட்டீங்க.”

வாசலைத் தாண்டியதும் நியாஸ் முறுக்கைக் கடித்தான். “டீச்சர் பொய் சொல்றாங்க அக்கா. இல்லாட்டி எங்க சாச்சி நாலு கைப் பிள்ளையப் பெத்து ரெண்ட ஒளிச்சு வச்சிருக்கணும்.”

“பொய் சொல்லல. பாத்ததைத்தான் சொல்றாங்க. எங்க பாத்தாங்கங்கிறதுதான் கேள்வி. வண்டிய எடு.”

ஸ்கூட்டர் கிளம்பியது. ஏஞ்சலின் பின்னால் உட்கார்ந்து அவன் காதுக்குள் பாடம் நடத்தினாள்.

“மூளையில பாதாம் பருப்பு சைஸுல ஒண்ணு இருக்கு. அமிக்டலான்னு பேரு.”

“பேரே மசாலா பாக்கெட் மாதிரி இருக்கு.”

“பயந்தா அது கத்தும். இதை மறக்காத, இதை மறக்காதன்னு. அந்த நிமிஷத்துல கண்ணு எதுமேல ஒட்டியிருக்கோ அது ஆணியடிச்ச மாதிரி பதிஞ்சிரும். பக்கத்துலயே ஹிப்போகேம்பஸ்னு இன்னொரு ஆளு. எங்க, எப்ப, எதுக்குப் பக்கத்துல எதுன்னு ஒழுங்கா அடுக்கி வைக்கிறது அவர் வேலை. பதற்றம் அளவுக்கு மீறிப் போச்சுன்னா அவர் தடுமாறிருவாரு. துண்டு துண்டாத்தான் மிஞ்சும். அப்புறம் மூளை உக்காந்து தைக்கும். தைக்கையில சட்டைக் கையக் கொண்டுபோய் கழுத்துல வச்சுத் தச்சிரும். போட்டுப் பாக்குற ஆளுக்கு வித்தியாசமே தெரியாது.”

நியாஸ் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு யோசித்தான். “தீ அதிகமாப் போன பிரியாணின்னு சொல்லுங்க. அடியில கரிஞ்சது சட்டியோட ஒட்டிக்கும். சுரண்டினாலும் போகாது. மேல இருக்கிற அரிசி வேகாம நிக்கும்.”

“அதேதான். கரிஞ்சது கத்தி. வேகாதது மூஞ்சி.”

நியாஸ் பஸ்ஸில் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் துப்பறிவாளர்களுக்குப் பனிமூட்டம் கிடைக்கும், கல் பாவிய தெரு கிடைக்கும், ஈர ஓவர்கோட்டு கிடைக்கும். பேகம்பூர் போகிற ரோட்டில் அவனுக்குக் கிடைத்தது புழுதியும், சம்பவம் நடந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடையும்தான். இரண்டு மின்கம்பங்கள். நடுவில் வெறும் காற்று.

ஏஞ்சலின் இடது பக்கக் கம்பத்தருகே போய் அண்ணாந்து பார்த்தாள். கம்பத்தில் இரண்டு நைலான் கயிற்றுத் துண்டுகள் முடிச்சோடு தொங்கின. நுனி சுத்தமாக அறுபட்டிருந்தது. வலது பக்கக் கம்பத்தில் ஒன்றுமில்லை.

“இங்க என்ன கட்டியிருந்தாங்க?” என்று டீக்கடை சூசையிடம் கேட்டாள்.

“பேனரு. நம்ம ரொனால்டோட அக்கா மகளுக்குப் புதுநன்மை, கோயில்ல முதல் அப்பம் வாங்குற விசேஷம். பிள்ள போட்டோ இம்புட்டூண்டு, மூலையில. மிச்சமெல்லாம் ரொனால்டோட சேக்காளிக மூஞ்சிதான். வாழ்த்தும் நண்பர்களாம். ஒரு டீ கடனுக்கு மூணு மாசம் இழுக்கிற பயலெல்லாம் கோட்டு சூட்டுல நிக்கிறான்.”

ரொனால்டு அக்மலின் உயிர் நண்பன். “அதுல எங்க அக்மல் இருந்தானாண்ணே?”

“கூலிங் கிளாஸ் போட்டு, பல்லக் காட்டிக்கிட்டு, இடது ஓரத்துல கடேசியா. கோட்டு எவனோடதோ, கும்பிட்ட கையும் எவனோடதோ. ஃபிளெக்ஸ் கடையில ஒரே உடம்பத்தான் எல்லாப் பயலுக்கும் ஒட்டுறான். தலைய மட்டும் மாத்துவான்.”

நியாஸ் ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரமாகத் திண்டுக்கல் போலீஸ் தேடியது ஒரு பேனரை.

“பேனர் இப்ப எங்க?” என்றாள் ஏஞ்சலின்.

“விசேஷம் முடிஞ்சதும் ஆட்டு யாவாரி சோலைமுத்து கேட்டு வச்சிருந்தாரு, வண்டிக்கு மேல கட்ட. போன வியாழக்கிழமை காலையில நான் கடை திறக்கையில வந்து அவுத்துட்டுப் போனாரு. இன்னைக்கும் வியாழந்தானே, அய்யலூர்ச் சந்தையில இருப்பாரு.”

“ரெண்டு பக்கமும் அவுத்தாரா?”

சூசை யோசித்தார். “வலது பக்கந்தான் அவுத்தாரு. இடது பக்கம் ஏற்கெனவே அறுந்து தொங்குச்சு. காத்துக்கு அறுந்திருக்கும்.”

ஏஞ்சலின் அந்த நறுக்கான கயிற்று நுனியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு தரப்பும் ஒரே மாதிரி கத்தின. ஆடு என்றால் நியாஸுக்குத் தட்டில் வந்த பிறகுதான் பழக்கம். ஏஞ்சலின் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிகளின் வரிசையில் நடந்தாள்.

கடைசி வண்டியின் கூரையில் அக்மல் சிரித்துக்கொண்டிருந்தான்.

நீலக் கோட்டு. கறுப்புக் கண்ணாடி. நெஞ்சுக்கு நேரே கூப்பிய, அவனுடையதல்லாத இரண்டு கைகள். தலை மட்டும் ஒரு பெரிய பூசணிக்காய் அளவு. கன்னத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

“நீ போய் அந்தப் பேனரை விலைக்குக் கேளு” என்றாள் ஏஞ்சலின். “எதுக்குன்னு சொல்லாத. நான் வண்டியச் சுத்திப் பாத்துட்டு வாரேன்.”

சோலைமுத்து நாற்பது வயது மதிக்கத்தக்க, சிரித்த முகக்காரர். ஒரு கறுப்புக் கிடாயைக் கயிற்றில் பிடித்திருந்தார். நியாஸ் “அண்ணே, ஒரு விலை பேசணும்” என்று ஆரம்பித்தானோ இல்லையோ, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலக்கையை மூடி, அவன் முன்னால் நீட்டினார்.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். ஒரு விரலுக்கு ஒரு கணக்கு, இரண்டுக்கு ஒரு கணக்கு. முழுக் கையையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் மனசு மாறக் கூடாது. இதெல்லாம் நியாஸுக்குத் தெரியாது. ஒருவர் கை நீட்டினால் பெருநாள் தொழுகை முடிந்ததும் எப்படிக் கைகொடுப்பானோ அப்படி, இரண்டு கையையும் துண்டுக்குள் விட்டு, சோலைமுத்துவின் கையை மரியாதையாக, பாசமாக, முழுசாகப் பொத்தினான்.

சோலைமுத்துவின் கண் விரிந்தது. அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் போலிருந்தது.

“ராசியான கை அப்பு” என்றார். “கெடா ஒனக்குத்தான்.”

“எனக்குப் பேனர்தாண்ணே வேணும்.”

“கை குடுத்தாச்சுல்ல. நாலு பேரு பாத்திருக்காங்க.”

நாலு பேர் பார்த்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் நியாஸ் தன் வாழ்வில் முதல் முறையாக ஓர் ஆட்டுக்கு உரிமையாளன் ஆகிவிட்டதைப் புரிந்துகொண்டான். கிடா அவன் சட்டை நுனியை மெல்லத் தொடங்கியது.

“கயித்த அளவா அறுத்துத் தாரேன், இழுத்துட்டுப் போ” என்று சோலைமுத்து இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

ஒரு சாண் நீளம். நுனி கிளி மூக்கு. பச்சை டேப், அதன்மேல் கறுப்பு டியூப் பட்டை. நியாஸ் அதையே பார்த்தான். வெயில் பட்டு, கூர்வாயின் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு உடைசல் மின்னியது. சத்தமெல்லாம் எங்கோ தூரம் போய்விட்டது. பிறகு நினைத்துப் பார்த்தபோது, சோலைமுத்து என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

“நல்ல கத்தி” என்றது பின்னாலிருந்து ஏஞ்சலின் குரல். “பேனர் கயித்தையும் இதுலதான் அறுத்தீங்களாண்ணே? இடது பக்கத்த மட்டும்?”

சோலைமுத்துவின் சிரிப்பு நின்றது.

“புதன்கிழமை ராத்திரியே பேனரக் கழட்ட வந்துட்டீங்க. ரெண்டு கயித்த அறுத்தீங்க. பாதி பேனர் சரிஞ்சு, அக்மல் மூஞ்சி உங்க தோளுக்கு மேல தொங்குது. அந்நேரம் பாத்து ஒரு டீச்சர் வர்றாங்க, கழுத்துல சங்கிலி மின்னுது. கத்தியும் கையிலயே இருக்கு. மிச்சக் கயித்த மறுநாள் காலையில நல்ல பிள்ளையா வந்து அவுத்துட்டீங்க.”

சோலைமுத்து துண்டை உதறிவிட்டு ஓடினார்.

சங்கிலித் திருடன் என்று கத்தினால் அந்தச் சந்தையில் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். நியாஸ் மூச்சை இழுத்து, “ஆட்டுத் திருடன் ஓடுறான்” என்று கத்தினான். மொத்தச் சந்தையும் திரும்பியது. முப்பதடி போவதற்குள் சோலைமுத்து ஏழெட்டு வியாபாரிகளுக்கு அடியில் கிடந்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஆனந்த்ராஜ் மேசைமேல் பேனரை விரித்துவைத்து, அதையும் லாக்கப்பில் உட்கார்ந்திருந்த அக்மலையும் மாறி மாறிப் பார்த்தார். கிடாயை வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். ஜெயமேரி டீச்சர் வந்தார். பேனரைப் பார்த்தார். கோட்டு, கண்ணாடி, சிரிப்பு, கும்பிட்ட கை. பக்கத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“கடவுளே” என்றார். “இதைத் தினமும் தாண்டித்தான் போனேன். ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல.”

“இப்ப இவரைப் பாருங்க” என்று இன்ஸ்பெக்டர் சோலைமுத்துவை முன்னால் நிறுத்தினார்.

டீச்சர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“யாரு இவரு?”

“நல்லாப் பாருங்க டீச்சர்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான் இவரைப் பாத்ததே இல்ல சார். சத்தியமா.”

இன்ஸ்பெக்டர் ஏஞ்சலின் பக்கம் திரும்பினார். “என்னம்மா இது? கத்திய மட்டும் வச்சு நான் என்ன பண்றது? டேப் சுத்துன கத்தி ஊரு முழுக்க இருக்கு. கயிறு அறுந்ததுக்குப் பேனர்காரன் வேணா கேஸ் போடலாம். சாட்சியே ஆளைத் தெரியாதுங்குது. தெரியுங்கிற ஆளு உள்ள உக்காந்திருக்கான்.”

லாக்கப்பில் அக்மல் கம்பியைப் பிடித்து எழுந்தான். ஏஞ்சலின் சோலைமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் சந்தையில் தொலைந்த சிரிப்பு மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“பாவம், தப்பான ஆளக் கூட்டியாந்துட்டோம் போல” என்றாள் அவள், வருத்தமாக. “டீச்சர்தான் அவ்வளவு நேரம் நேருக்கு நேரா நின்னு பாத்தவங்க. அவங்களுக்குத் தெரியாததா?”

“அதத்தானம்மா நானும் சொல்றேன்” என்றார் சோலைமுத்து. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய குரல். “அதுக்கு எப்படி என்னையத் தெரியும்? என் மூஞ்சிய எங்க பாத்துச்சு? நின்ன நேரம் பூராம் கத்தியத்தானே பாத்துக்கிட்டு நின்னுச்சு.”

வெளியே கிடா ஒரு தடவை கத்தியது. சோலைமுத்து தான் சொன்னதைத் தானே கேட்டு முடிக்க அரை நிமிடம் ஆயிற்று. அதற்குள் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்திருந்தார்.

“டீச்சர் ஒரு வாரமாச் சொல்ல முடியாததை ஒரே வரியில சொல்லிட்டாரு” என்றாள் ஏஞ்சலின். “இதை எழுத வேணாம்னு சொல்லிராதீங்க சார்.”

அக்மல் வெளியே வந்தான். ஒரே இரவில் இரண்டு கிலோ இளைத்தவன்போல் இருந்தான். டீச்சரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அவன் இரண்டடி வைத்ததும் டீச்சரின் கை கழுத்துக்குப் போனது. நாற்காலி பின்னால் நகர்ந்தது.

“மன்னிச்சிரு தம்பி” என்றார். “நீ இல்லன்னு தெரியும். கண்ணால பாத்துட்டேன். ஆனா ஒன்னப் பாத்தா ஒடம்பு நடுங்குது. கண்ண மூடினா நீதான் வாரே.”

நியாஸ் ஏஞ்சலினைப் பார்த்தான். உண்மை தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அவன் படித்த நாவல்களில் இருந்தது.

“பாதாம் பருப்புக்குத் தீர்ப்பு வாசிச்சாப் புரியாது” என்றாள் ஏஞ்சலின் தாழ்ந்த குரலில். “பழசு மேல புதுசு விழணும். பயமில்லாம, திரும்பத் திரும்ப. அதுக்கு நாளாகும்.”

அது அக்மலின் காதிலும் விழுந்தது. அவனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கூப்பினால் பேனர் மாதிரி இருக்கும். நீட்டினால் பயப்படுவார். கடைசியில் இரண்டையும் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான்.

“டீச்சர், நான் அடுத்த மாசம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டு வருவீங்கல்ல. நான் கடை வாசல்ல நிப்பேன். நீங்க எதிர்த்த பக்கமாப் போங்க. பாத்துட்டு மட்டும் போங்க, பேச வேணாம். மறுநாள் கொஞ்சம் இந்தப் பக்கமா வாங்க. அதுக்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நான் கூலிங் கிளாஸ் போட மாட்டேன். கோட்டு எங்கிட்டக் கெடையவே கெடையாது.”

“சிரிக்கவும் கூடாது” என்றான் நியாஸ். “அந்தப் பல்லுதான் பிரச்சினையே.”

டீச்சர் அவன் மூக்கைப் பார்த்தார். அக்மலின் மூக்கைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும்...”

“பிரியாணிக் கடையில பழக்கம்” என்றான் நியாஸ்.

ஜெயமேரி டீச்சர் எழுந்தார். கழுத்திலிருந்த கை இறங்க மறுத்தது. அதை இன்னொரு கையால் பிடித்து இறக்கி, இரண்டையும் சேர்த்து, நடுங்க நடுங்க அக்மலைக் கும்பிட்டார்.

“நாலரை இல்ல” என்றார். “ஸ்கூல் விடுறதே அப்பத்தான். நாலே முக்காலுக்கு வருவேன்.”